கதியால் வேலி: தெரிவு, நடுகை, நகர்வு ஆகியன குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுக்க வேண்டும் என்பது ஆராய்ச்சி மரபு. இந்த ஆய்வில் அதைச் செய்வது சங்கடமானது. எல்லை எது என்பதே இங்கு வழக்கு. ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையில் நிற்கும் கதியால் வேலியே எமது ஆய்வுப் பொருள் என்று சொல்லிவிட்டு, அது சரியாக எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை இரு வீட்டாரின் மனச்சாட்சிக்கு விடுகிறோம். ஓணானின் சாட்சியத்தை ஏற்பதில்லை என்றும் தீர்மானித்துள்ளோம். ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்ற பழமொழி அதன் பெயரை முன்பே கெடுத்துவிட்டது.

முதலாவது பிரச்சினை தெரிவு. வெட்டி நட்ட தடி வேர்விட்டுத் தளிர்க்குமானால் அது கதியால், தளிர்க்காவிட்டால் விறகு. கிளுவை, பூவரசு, முள்முருங்கை, பின்னாளில் வந்து சேர்ந்த சீமைக்கிளுவை ஆகிய நான்கும் இத்துறையில் தேர்ச்சி பெற்றவை. முட்கிளுவைக்கு முள் உண்டு. களவெடுக்க வருகிறவனின் சாரத்தைப் பிடித்துவைக்கும். பூவரசின் குழை வயலுக்குப் பசளை, இலை பிள்ளைகளுக்குப் பீப்பீ. முள்முருங்கையின் பெருமை தனி. கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவதற்கு அதன் தடிதான் வேண்டும். வேலியில் ஒரு முள்முருங்கை நிற்கும் வீட்டில், தரகர் படலையைத் திறப்பதற்கு முன்பே ஏற்பாட்டில் ஒரு பகுதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். வேலி போடுவது முக்கியமாக ஆட்டைத் தடுக்க. வேலிக்குத் தெரிவுசெய்யும் மரங்களோ ஆடு விரும்பித் தின்னும் குழை தருபவை. எதை உள்ளே விடக்கூடாதோ அதற்குப் பிடித்த தீனியாலேயே தடுப்பு எழுப்பிய சமூகத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இதற்கு விளக்கமும் எளிதுதான்: பக்கத்து வீட்டு ஆட்டைத் தடுக்கும் வேலி நம் வீட்டு ஆட்டுக்குச் சாப்பாடு போடுகிறது. பக்கத்து வீட்டிலும் இப்படியே எண்ணுகிறார்கள்.

நடுகைக்கு வேண்டியது அலவாங்கு, கயிறு, கொஞ்சம் சாணி, நிறையப் பொறுமை. மாரி மழை மண்ணை நனைக்கும் காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். ஆள் உயரத் தடியின் அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவி, நுனி வெட்டுவாய் காயாமல் இருக்கச் சாணி அப்பி, அலவாங்கால் இட்ட குழியில் இறக்கி மண்ணை இறுக்க வேண்டும். தலைகீழாக நட்டுவிட்டு மழையைக் குறை சொல்வோரும் உண்டு. பிறகு கதியால்களுக்குக் குறுக்கே பனைமட்டை வரிச்சைக் கட்டினால் எலும்புக்கூடு தயார்.

அதற்கு மேல் ஓலை. பச்சைப் பனையோலையை மிதித்து, அடுக்கி, மேலே பாரம் வைத்துத் தட்டையாக்கிய பிறகே வேலிக்குக் கொண்டுவருவார்கள். தென்னை மிகுந்த இடமானால் கிடுகு. ஓலையை வரிச்சோடு சேர்த்துக் கட்டப் பயன்படும் கருவிதான் குத்தூசி. இந்த ஆய்வின் நடுநாயகம் அதுவே. நீண்ட ஊசி, காதில் கயிறு. ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குத்த, மற்றவர் அந்தப் பக்கம் நின்று கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றி, திருப்பிக் குத்திவிட வேண்டும். தனி ஆளாக வேலி அடைக்க முயன்றவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் படலையால் வெளியே போய் வர வேண்டியிருக்கும்.

அந்தப் பக்கம் என்பது பக்கத்து வளவு. ஆகவே வேலி அடைக்கிற நாளில் ஒருவர் அயலாரின் காணிக்குள் பகிரங்கமாக, நியாயமாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பல இடங்களில் அந்தப் பக்கம் நிற்பவர் அயலாரேதான்.

“உங்காலை இழுத்துப் பிடியுங்கோ அண்ணை.”

“பொறும் தம்பி, ஓலை விலகிப் போச்சு.”

ஒரு வருஷமாகப் பேசாதிருந்த இரு வீட்டார்கூட இந்த இரண்டு வசனங்களையும் தவிர்க்க முடியாது. மூன்றாவதாகத் தேத்தண்ணி வரும். ஓலை நிரந்தரமாக இருந்திருந்தால் இந்தச் சந்திப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் நடக்கும். கறையானும் மழையும் அதை விரைவில் உக்கவைத்து, திரும்பத் திரும்ப நடத்திவைக்கின்றன. உக்கிய ஓலை தோட்டத்து மண்ணுக்குப் பசளையாகிறது. கறையானைத் திட்டுவோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து, வேலியின் ஒளியியல். ஓலை வேலி எதையும் மறைப்பதில்லை என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் சொல்வார். எல்லாவற்றையும் மறைக்கிறது என்று இன்னும் மேலோட்டமாகப் பார்ப்பவர் சொல்வார். உண்மை தூரத்தில் இருக்கிறது. ஒழுங்கையில் நடந்து போகிறவருக்கு ஓலை மட்டுமே தெரியும். உள்ளே நின்று ஓலையோடு கண்ணை ஒட்டி வைத்திருப்பவருக்கு ஒழுங்கை முழுவதும் தெரியும். போகிறவர் யார், கையில் என்ன பை, யார் வீட்டுப் படலையில் நின்றார் என்பது உட்பட. ஆகவே வேலிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் குறையக் குறையச் செய்தி பெருகும் என்பது விதி.

வேலியில் விடப்படும் ‘பொட்டு’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரு வீட்டுப் பெண்களும் நெருப்போ சீனியோ செய்தியோ கொண்டு குனிந்து போய்வரும் அந்தச் சிறு வழி, உறவின் நிலையைக் காட்டும் அளவுகோல். பொட்டு ஓலையால் அடைபட்டால் சண்டை. ஓலைக்கு மேல் முள்ளும் வைத்தால் வழக்கு. கோழிகள் இந்த அறிவித்தல்களை மதிப்பதில்லை.

இனி வேலி நகர்வுக் கோட்பாடு. கதியாலுக்கு உயிர் இருக்கிறது என்பதைத் தாவரவியலார் ஒப்புவர். கால் இருக்கிறது என்பதை வழக்கறிஞர்களே முதலில் கண்டறிந்தனர். நகர்வின் பொறிமுறை இது: ஒரு கதியால் பட்டுப்போகிறது. பதிலுக்கு ஒன்று நட வேண்டும். பழைய குழியில் கல் இடிக்கிறது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மேலே இருக்கும் மண் பல இடங்களில் மெல்லியது. எனவே காரணத்தை யாரும் மறுக்க முடியாது. புதுக் கதியால் சற்று அப்பால் நடப்படுகிறது. அப்பால் என்பது எப்போதும் அடுத்தவர் வளவு. தன் வளவுக்குள் கல் இல்லாத இடம் கிடைத்ததாக இதுவரை எந்தச் சாட்சியமும் இல்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிக்குச் சற்று மேல். வேலி ஆண்டுக்கு ஓர் அங்குலம் நகர்வதாக வைத்துக்கொண்டால், பக்கத்துப் பரப்பு முழுவதையும் விழுங்க 626 ஆண்டுகள் செல்லும். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண இராச்சியமே அவ்வளவு காலம் நிலைக்கவில்லை. ஆனால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, 10 ஆண்டுகள் தடையின்றி, உரித்தாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தால் நிலம் கைக்கு வரலாம். 10 ஆண்டில் 10 அங்குலம்; மொத்தம் ஏறத்தாழ 43 சதுர அடி. ஒரு கோழிக்கூடும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வைக்கலாம். இதற்காகத்தான் பிறக்கிராசி, அப்புக்காத்து, நில அளவையாளர் என்று ஒரு படையே கோட்டுக்குப் போய்வந்தது. ஒல்லாந்தர் தோம்பில் காணிகளைப் பதிந்தார்கள். 1707இல் தேசவழமைச் சட்டத்தையும் எழுதுவித்தார்கள். கோழிக்கூட்டை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒப்பியல் நோக்கும் ஆய்வுக்கு அழகு. நெடுந்தீவில் முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி வேலியாக்கியிருக்கிறார்கள். அதற்குத் தளிர் இல்லை, குழை இல்லை, ஆட்டுக்குப் பயனில்லை. கனடாவின் ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில் சீடர் மரத்தைப் பிளந்து, கட்டைகளை வளைந்து வளைந்து அடுக்கிய பழைய வேலிகள் உண்டு. தூணோ ஆணியோ குழியோ கிடையாது. குழி இல்லாததால் கல் இடிக்கிறது என்ற சாட்டும் கிடையாது. ஆனால் பாம்புபோல் நெளிந்து போவதால் இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமான வளைவைக் காட்டி, எல்லை அதுவே என்று வாதாடலாம்; நம்மவர் கண்ணில் இது முன்பே படாதது ஒன்ராறியோக்காரரின் அதிர்ஷ்டம். அந்த மாகாணத்தில் எல்லை வேலிக்கென்றே ஒரு சட்டமும் இருக்கிறது. அது செல்லுபடியாகும் ஊர்களில் அயலவர் பிணங்கினால், உள்ளூராட்சி மன்றம் நியமித்த வேலிப் பார்வையாளர்கள் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு பதவி ஏற்படுத்தத் தேவை இருக்கவில்லை. வேலியால் பார்ப்பதை அங்கே எல்லோரும் சம்பளமின்றியே செய்துவந்தார்கள்.

தகர வேலி பற்றி எழுத எமக்கு விருப்பமில்லை. வெயிலில் சுடும், காற்றில் கத்தும். மதில் பற்றி எழுதியாக வேண்டும், ஏனெனில் வென்றது அதுதான். வெளிநாட்டுக் காசும் சீமெந்தும் வந்த பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில்கள் எழுந்துவிட்டன. ஓலை தேட வேண்டாம், ஆள் பிடிக்க வேண்டாம், கறையான் அரிக்காது, நெருப்புப் பிடிக்காது, நகராது. கோட்டுக்குப் போகிற வழக்கில் ஒரு வகையை ஒழித்த பெருமையும் அதற்கு உண்டு. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மதில் கட்ட மேசனார் ஒருவர் போதும். பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லை. எட்டடி மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள இப்போது செத்தவீட்டு அறிவித்தல் வரவேண்டியிருக்கிறது.

கதியால் வேலியே சிறந்தது என்பது எமது முடிபு. இனி ஒன்று அடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கதியாலைத் தேடி அலைய வேண்டாம், அது எங்காவது கிடைக்கும். குத்தூசியை அந்தப் பக்கம் நின்று வாங்கக்கூடிய ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.