இருநூறு ரூபாய் அண்ணன்

மாதக் கடைசி வாரம் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் சிலருக்குத் திடீரென்று களப்பணி முளைத்துவிடும். சிலர் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். அண்ணன் வருகிறார் என்று அர்த்தம். கக்கத்தில் நீளமான அட்டை நோட்டு, காதில் பேனா, முகத்தில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பொதுவான ஒரு கனிவு.

"தம்பி, இந்த மாசம் நம்ம சூப்ரெண்டு சார் போறாரு. இருநூறு போட்டுருவமா?"

திண்டுக்கல்லில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். பிரிவு உபசார விழாப் பொறுப்பாளர். இந்தப் பதவிக்கு அரசாணை கிடையாது, படி கிடையாது. என்றோ ஒரு மாதக் கடைசியில் மாலை வாங்க ஆளில்லாமல் இவர் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய் வந்திருப்பார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, இன்னும் உரியவில்லை.

அண்ணனுடைய வருடம் சித்திரையில் பிறக்காது. மே 31-இல் பிறக்கும். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனால், வலது கை தலையைச் சுற்றி வந்து இடது காதைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு, வயது பொருந்துகிற மாதிரி ஹெட்மாஸ்டரே ஒரு பிறந்த தேதியை எழுதிவிடுவார். மே மாதத்தில் ஏதாவது ஒரு நாள், இல்லாவிட்டால் ஜூன் 1. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆக, அன்றைய ஹெட்மாஸ்டர்களின் கைங்கரியத்தால் இன்றைக்கு அண்ணன் ஒரே சாயங்காலத்தில் நாலு பொன்னாடைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

நிஜமாகவே பாவப்பட்டவர்கள் செப்டம்பரில் பிறந்தவர்கள்தான். செப்டம்பர் 30 என்றால் புரட்டாசி. சாம்பார் சாதத்தோடு வழியனுப்ப வேண்டும். ஜனவரியிலோ பாதிப் பேர் பழனிப் பாதயாத்திரைக்கு மாலை போட்டிருப்பார்கள். 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று கடை போட்டு, அவருடைய தலைப்பாக்கட்டே பிரியாணிக்குப் பேராகிப்போன ஊர் இது. சீரக சம்பா மணக்காத விழாவை இங்கே யாரும் விழாக் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பது வருடம் உழைத்தவரைப் பற்றி, "நல்ல மனுசன், ஆனா தயிர் சாதத்தோட போய்ட்டாரு" என்றுதான் பிற்பாடு பேசிக்கொள்கிறார்கள்.

பரிசுப் பொருள் விவகாரம் தனி. இனி நேரம் பார்க்கவே தேவையில்லாத மனிதருக்கு ஏன் எல்லா ஊரிலும் சுவர்க் கடிகாரமே கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அக்காமார்களுக்குச் சின்னாளபட்டி சுங்குடி இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆண்களுக்கு என்ன செய்வது? ஒருமுறை அண்ணனுக்கு ஊர்ப்பற்று பொங்கிவிட்டது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த நேரம். கைவேலைப் பித்தளைப் பூட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டுத் துணியில் வைத்துக் கொடுத்தார். வாங்கியவர் ரெக்கார்டு ரூம்காரர். இருபத்தெட்டு வருடம் சாவிக்கொத்தை இடுப்பில் சுமந்து, அன்று காலைதான் அதை அவிழ்த்து ஒப்படைத்திருந்தார். பூட்டைப் பார்த்ததும் அவர் அழுதார். நெகிழ்ச்சி என்று அண்ணன் இன்றைக்கும் நம்புகிறார்.

பணத்தை வாங்கியதும் அண்ணன் கிளம்பிவிட மாட்டார். நோட்டில் பெயர், தொகை என்ற இரண்டு கலங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கலம் உண்டு. தலைப்பு: 'நல்லது'. "அவரப் பத்தி ஒரு நல்லது சொல்லுங்க தம்பி, வாழ்த்து மடல்ல சேக்கணும்." "தேடணும்ண்ணே" என்று நழுவினால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தேடினால் ஏதாவது வந்துதான் தீரும். 2016 நவம்பரில் செல்லாத நோட்டுகளோடு பேங்க் வரிசையில் அரை நாள் நமக்கும் சேர்த்து நின்றது, பிரசவ லீவில் இருந்தவரின் கோப்புகளைச் சத்தமில்லாமல் முடித்து வைத்தது என்று. கடைசியில் மடலில் இது ஒன்றும் வராது. 'அன்பின் சிகரமே, மலைக்கோட்டை போன்ற மனத்திடமே' என்று போன மாத மடலில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிடுவார். சேகரித்த நல்லதெல்லாம் நோட்டிலேயே தங்கிவிடும். பணிக்கொடையைப் போலத்தான் எங்கள் ஆபீசில் பாராட்டும். வெளியே போகும் நாளில்தான் அனுமதி ஆகும்.

அண்ணன் நொடித்துப்போன காலமும் உண்டு. 2020 மே மாதம் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். மூச்சு வாங்குவதற்குள், 2021-இல் 60 ஆயிற்று. 2020 மே கடைசியில் போக வேண்டியவர் 2022 மே கடைசியில்தான் போனார். இடையில் இரண்டு வருடம் பொன்னாடைக்குத் தோளே கிடைக்கவில்லை. மாறுதலில் போகிறவருக்கு டீயும் மிக்சரும் போதும், அதற்கு நோட்டு எதற்கு?

கை அரித்த அண்ணன், பணியில் இருப்பவர்களையே பாராட்டத் தொடங்கினார். அங்கேதான் வினை. "இந்த டிராஃப்ட்ல ஒரு பிழை இல்லம்மா" என்றார் டைப்பிஸ்ட்டிடம். அந்தப் பெண் பயந்துபோய் மூன்று தடவை திருப்பிப் படித்தாள். அக்கவுண்டன்ட்டைப் புகழ்ந்ததும் அவர் கும்பிட்டார்: "அண்ணே, ஜாமீன் கையெழுத்து மட்டும் கேட்றாதீங்க." என்னிடம், "நேத்து அந்தப் பெரியவருக்கு நீங்களே மனு எழுதிக் குடுத்தீங்கள்ல, பாத்தேன் தம்பி. நல்லா இருந்துச்சு" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சொன்னேன். "ஏங்க, உங்களுக்கு டிரான்ஸ்ஃபரா?" என்றாள் மனைவி.

2022 மே வந்தது. பிரியாணி வாசனையும் வந்தது. அண்ணன் பழையபடி போகிறவர்களைப் பாராட்டப் போய்விட்டார், நாங்களும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

போன வாரம் நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டு டீக்குப் போயிருந்தார். புரட்டினேன். கடைசியாக எழுதிய பக்கத்தின் தலைப்பில் அவருடைய பெயரே இருந்தது. அவருக்கும் ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் 1-தான், வருகிற மே 31-இல் போகிறார். முதல் வரவு ரூபாய் இருநூறு, அதுவும் அவர் பெயரில். 'நல்லது' கலம் காலி. பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு குறிப்பு:

கடிகாரம் வேண்டாம்.