எட்டாவது வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் அதியமான். ஏழு பேரைப் பாடிவிட்டு நம் புலவர்கள் பட்டியலை மூடிவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். தன் ஈரலையே அரசாங்கத்துக்குக் கொடுக்கும் எட்டாவது வள்ளலைப் பாட இன்னும் எந்தப் புலவருக்கும் நா எழவில்லை.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகல் 12 மணிக்கு ஷட்டர் தூக்குமுன்பே கடை வாசலில் நிற்பார். கை நடுங்கும். குவார்ட்டருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டால் அதையும் கொடுப்பார். கோடீஸ்வரர்கள் ஆடிட்டரை வைத்து வரிக்கு ஓட்டை தேடும் நாட்டில், இவர் கூலி வாங்கிய கையோடு, வீட்டுக்குப் போகுமுன்பே, கஜானாவுக்கு உரியதைச் செலுத்திவிட்டுப் போவார். 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இத்தனை கொடுத்தவருக்குக் கடற்கரையில் ஒரு சிலை உண்டா? பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டா? ‘குடிகாரப் பய’ என்ற பட்டம் மட்டும் உண்டு.

அவர் கொடையைப் பெற்றுக்கொள்ளும் துறையின் பெயர், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. அதற்கு ஒரே அமைச்சர். மதுவை விலக்குவதும் அவர் பொறுப்பு, விற்றுத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று பாட்டிலிலேயே அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். மூன்றுக்கும் கேடு என்று தெரிந்தே விற்பதற்குக் குற்றவியல் சட்டத்தில் வேறு பெயர் இருக்கும். பட்ஜெட்டில் அதன் பெயர் சொந்த வரி வருவாய்.

1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்க ராஜாஜி கொண்டுவந்த சட்டம் இன்னும் புத்தகத்தில் உயிரோடுதான் இருக்கிறது. 1971-ல் கருணாநிதி கடையைத் திறந்தார். 1974-க்குள் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார், 1983-ல் டாஸ்மாக்கைத் தொடங்கி மொத்த வியாபாரத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டார். மேம்பாலத்துக்கும் சண்டை, கட்டடத்துக்கும் சண்டை என்று வாழ்ந்த இரண்டு கழகங்களும் இந்தக் கல்லாவை மட்டும் சண்டையில்லாமல் கைமாற்றிக்கொண்டன. 2016 தேர்தலில் ஒருவர் முழு மதுவிலக்கு என்றார், இன்னொருவர் படிப்படியாக என்றார். படி இருக்கிறது, கடையும் இருக்கிறது, இறங்கத்தான் ஆளில்லை.

இந்தக் கடைமீது அரசு வைத்திருக்கும் பாசத்தைப் பாருங்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள் நம் அதிகாரிகள். மாநில நெடுஞ்சாலைகள் உள்ளாட்சிச் சாலைகளாக அவதாரம் எடுக்கப் புறப்பட்டன. உயர் நீதிமன்றம்தான் குறுக்கே நின்றது. 2017 ஏப்ரலில் திருப்பூர் அருகே சாமளாபுரத்தில், எங்கள் ஊருக்குக் கடை வேண்டாம் என்று மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை உயரதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. 2020 மே 7-ல், கோயிலும் பள்ளியும் பூட்டிக் கிடந்த ஊரடங்கில், டாஸ்மாக் திறந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு டெல்லிவரை ஓடித் தடை வாங்கி வந்து மே 16-ல் மறுபடி திறந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கேட்டு இந்த வேகத்தில் எவராவது ஓடிப் பார்த்ததுண்டா?

“அவன் மனசு வச்சா விட்டுடலாம், திமிரு” என்பதுதான் ஊர்த் தீர்ப்பு. அரசுக்கும் இது வசதியான தீர்ப்பு. குற்றம் குடிப்பவன் தலையில் முடிந்துவிடுகிறது. ஆனால் மருத்துவம் இதை நோய் என்கிறது. நாள்தோறும் ஊற்றப்படும் மது மூளையை மந்தப்படுத்துகிறது. அந்த மந்தத்தைச் சமாளிக்க மூளை தன் முடுக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒருநாள் மது வராவிட்டால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் காலைக் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முற்றிய நிலையில், நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பேச்சு குழறும், கவனிக்காவிட்டால் உயிரும் போகும். கடை வாசலில் பலர் தேடி நிற்பது போதையை அல்ல, அந்த நடுக்கத்திலிருந்து இரண்டு மணி நேர விடுதலையை. ஊரடங்கில் கடைகளைத் திடீரென்று பூட்டியபோது புதுக்கோட்டைக் கடற்கரையில் ஷேவிங் லோஷனைக் குடித்துச் செத்தவர்கள் திமிரிலா குடித்தார்கள்?

ஈரல் பொறுமைசாலி. முதலில் கொழுப்பு படியும், பிறகு வீங்கும், கடைசியில் தழும்பேறிச் சுருங்கும். அதுவரை பெரும்பாலும் வலிக்காது. வயிற்றில் நீர் கோத்து, ரத்தவாந்தி எடுக்கும்போதுதான் வீட்டுக்கே தெரியும். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், குடல், மார்பகம் என்று புற்றுநோய் வரும் இடங்களின் பட்டியல் தனி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புகையிலையோடு முதல் வரிசையில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. நம் ஊரில் பாதுகாப்பான அளவு 180 மில்லி.

சாவிலும் அரசு கணக்குப் பார்க்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிப் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் அரசுக் கடையிலேயே வாங்கி, வரி செலுத்தி, பதினைந்து வருடம் மெதுவாகச் சாகிறவனின் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? தனியார் விஷம் குடித்தால் இழப்பீடு. அரசு விஷத்துக்கு மூடியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர்.

சிகிச்சையை யாரிடம் விட்டிருக்கிறோம்? கயிறு கட்டும் கோயில்களிடம். ‘கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று பவுடர் விற்பவர்களிடம். அதில் டைசல்பிராம் கலந்திருந்து அவர் குடித்தும்விட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டி, இரும்புக் கதவுக்குப் பின்னால் அடித்துத் திருத்துகிறவர்களிடம். 2017 மனநலச் சட்டப்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று வீட்டார் கேட்பதில்லை, கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லை. மது அடிமைநிலைக்கு ஆளானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. 180 பேரில் ஒருவருக்குத்தான் மருத்துவமனைப் படுக்கை கிடைக்கிறது. 2019-ல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வு சொன்ன கணக்கு இது. பாட்டிலுக்காக 38 பேர் நின்றால் 38 பேருக்கும் கிடைக்கிறது.

இத்தனைக்கும் மீள வழியுண்டு. சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அதைக் கண்முன் காட்டியிருக்கிறது. முதல் ஒரு வாரம், பத்து நாள் மருத்துவர் மேற்பார்வையில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும். பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள், ஆலோசனை, வீட்டாருக்கும் ஆலோசனை. காசு வாங்காமல் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்கள் தமிழிலேயே உண்டு. நடுவில் சறுக்கி மறுபடி குடித்தால் சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை. சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுவதுபோல இங்கும் மறுபடி தொடங்க வேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் திட்டுவதை நிறுத்துங்கள். திடீரென்று நிறுத்தச் சொல்லிப் பூட்டியும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

அந்த எண்ணை ஒவ்வொரு கடை வாசலிலும் விலைப்பட்டியல் அளவுக்குப் பெரிதாக எழுதிவைக்க அரசுக்கு எவ்வளவு செலவாகும்? தீபாவளி விற்பனையில் எந்த மண்டலம் முதலிடம் என்று கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் மீண்டார்கள் என்று கணக்கெடுக்கத் தெரியாதா? நோயை விற்றுக் காசு பார்த்தவர் மருந்துச் செலவை ஏற்பதைத் தருமம் என்று யாரும் சொல்ல வேண்டாம், அது கடன். ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்பவர் எந்தக் கட்சியானாலும், எங்கள் வட்டத்தில் மதுக்கடை எத்தனை, போதை மீட்புப் படுக்கை எத்தனை என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்க வையுங்கள்.