எந்த மந்திரம் சோறு போடும்?

புதிதாக மந்திரவாதி ஆகிறவர்களுக்கு முதலில் வருகிற ஆசை, எதையாவது கொளுத்திப் பார்ப்பதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அந்த ஆசைக்குப் பெயர் ஃபயர்பால். விசார்டோ சார்சரரோ, ஐந்தாம் லெவலை எட்டியதும் மறுபேச்சில்லாமல் அதைத்தான் எடுப்பார்கள். வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்ந்த சிறு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு விரலை நீட்ட வேண்டியது. 150 அடி தள்ளி ஒரு நெருப்புப் பந்து வெடிக்கும். வெடித்த இடத்தைச் சுற்றி 20 அடிக்குள் யார் நின்றாலும் சரி, எட்டுப் பகடை உருட்டி வருகிற கூட்டுத்தொகை அவர்கள் தலையில். சராசரியாக 28. எதிரியா பங்காளியா என்று நெருப்பு விசாரிக்காது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்படி ஒரு சார்சரர் இருக்கிறார். நிஜ வாழ்வில் பரம சாது. ஹோட்டலில் சாம்பார் வராவிட்டால் வெறும் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்து வருகிற ஜாதி. பகடை கைக்கு வந்தால் ஆள் வேறு. ஒரு பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து ஒரே ஒரு கடிதத்தைத் திருடி வரவேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட வேலை. கடிதம் இருந்தது பதிவேட்டு அறையில். உள்ளே காவலர்கள் நாலு பேர். கதவைத் திறந்த மாத்திரத்தில் இவர் விரலை நீட்டிவிட்டார். காவலர்கள் ஒழிந்தார்கள். நாங்கள் கை தட்டினோம். ஆட்டத்தை நடத்துகிறவர் மட்டும் நிதானமாக விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒருவர் மேலும் கையிலும் இல்லாத, எரியக்கூடிய பொருள் எதுவானாலும் இந்த மந்திரத்தில் தீப்பிடிக்கும் என்று தெரிவித்தார்.

"அப்போ அந்த லெட்டர்?" என்றேன்.

"எந்த லெட்டர்?" என்றார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்டது இது. கம்ப்யூட்டர் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர்; ஆளுக்கொரு கதாபாத்திரம்; அதன் பலமும் பலவீனமும் ஒரு தாளில். எதிரே, தடுப்பு அட்டைக்குப் பின்னால், டன்ஜன் மாஸ்டர். சுருக்கமாக டிஎம். வில்லன், வானிலை, சத்திரக்காரர், கடன்காரர் எல்லாம் அவரே. செய்ய நினைப்பதை நீங்கள் சொல்வீர்கள். அது நடந்ததா என்று இருபது முகப் பகடை சொல்லும். நடந்ததற்கு என்ன பொருள் என்று டிஎம் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

மந்திரங்கள் முந்நூறுக்கும் மேல். கையிருப்போ சொற்பம். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் முதல் லெவல் விசார்ட் நாளொன்றுக்கு இரண்டு முறைதான் உருப்படியான மந்திரம் போடலாம். இடையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் மூன்று. பழைய பதிப்புகளில் இன்னும் மோசம். காலையில் நெட்டுருப் போட்ட மந்திரம், சொன்ன கணத்தில் மூளையிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. படித்ததெல்லாம் பரீட்சை முடிந்த மறுநிமிடம் காணாமல் போகிற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் எனக்கு அதில் வியப்பேதும் இல்லை.

ஆக, கொஞ்சத்தில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. புத்தகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். டிஎம் முகத்தைப் பார்த்து எடுங்கள் என்பது என் கட்சி.

எங்கள் டிஎம் ஒரு ஆடிட்டர். அம்பு ஒன்று போனால் தாளில் ஒன்று கழியும். தீப்பந்தம் எத்தனை நிமிடம் எரிந்தது என்று குறிப்பார். ஐம்பது நாணயம் ஒரு பவுண்டு எடை என்று விதியில் இருக்கிறது. உலகத்தில் எந்த டிஎம்மும் அதைச் சட்டை செய்வதில்லை, இவரைத் தவிர. டிராகனைக் கொன்றுவிட்டு ஐயாயிரம் பொற்காசுக்கு முன்னால் நாங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, "நூறு பவுண்டு. யார் தூக்குறீங்க?" என்று கேட்ட மனிதர்.

நான் விசார்ட். என்னிடம் டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க் இருந்தது. கைகாக்ஸின் மகன் ஆடிய டென்சர் என்ற மந்திரவாதியின் பெயர் சூட்டிய மந்திரம். மூன்றடி அகலத்தில் ஒரு வட்டத் தட்டு காற்றில் மிதந்தபடி பின்னாலேயே வரும். 500 பவுண்டு சுமக்கும். நம் கணக்கில் இருநூற்றுச் சொச்சம் கிலோ. பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்துச் சடங்காகச் செய்தால் அன்றைய மந்திரக் கோட்டாவில் ஒன்றும் குறையாது. இதை நான் எடுத்தபோது சார்சரர் சிரித்தார். பொற்காசு விஷயத்துக்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆனாலும் ஆடிட்டரை முழுதாக வென்றது நானல்ல. எங்கள் ட்ரூயிட். கல்லூரியில் படிக்கிற பெண். அவள் எடுத்த மந்திரம் குட்பெர்ரி. முதல் லெவல், உள்ளங்கையில் பத்துச் சிறு பழம் தோன்றும். ஒன்று தின்றால், ஹிட் பாயிண்ட் என்கிற உயிர்க்கணக்கில் ஒன்று தேறும். அதோடு ஒரு நாள் முழுக்கப் பசிக்காது. தினமும் காலையில் ஆடிட்டர் பேனாவை எடுத்து, "ரேஷன் எவ்வளவு மிச்சம்?" என்று ஆரம்பிப்பார்.

"அங்கிள், பத்துப் பழம். ஆளுக்கு ஒண்ணு, கழுதைக்கு ஒண்ணு. மீதி நாலு ஸ்டாக்ல. எழுதிக்கங்க."

அவர் முகம் வாடுவதைப் பார்க்க நான் காசு கொடுத்தும் வருவேன். இதற்கு நேர்மாறாக, கிளெரிக்குகள் போடுகிற கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் என்று ஒன்று இருக்கிறது. மந்திரங்களுக்கென்று இருக்கிற தனி லெவல் கணக்கில் ஃபயர்பாலுக்குச் சமமான மூன்றாம் லெவல். 45 பவுண்டு உணவும் 30 காலன் தண்ணீரும் வரும். பதினைந்து பேர் சாப்பிடலாம். சத்துண்டு, சுவை கிடையாது, ஒரு நாளில் கெட்டுவிடும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. அசல் ஹாஸ்டல் மெஸ். கடவுளை நேரில் கூப்பிட்டு வரவழைக்கிற சாப்பாட்டுக்கே உப்பு இல்லை என்றால் மனிதன் யாரிடம் போய் முறையிடுவது? இதற்கும் வழி இருக்கிறது. பிரெஸ்டிடிஜிடேஷன் என்ற குட்டி மந்திரம், நாளுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். சோற்றைச் சூடாக்கும், ருசி ஏற்றும், சட்டையில் பட்ட ரத்தக்கறையைப் போக்கும், மெழுகுவர்த்தி ஏற்றும். அதைப் போட்டால் யாரும் சாகமாட்டார்கள். அதனால் அதை யாரும் மதிப்பதும் இல்லை. வீட்டுக்கு ஒரு விசார்ட் இருந்தால் போதும், வாஷிங் மெஷின் கம்பெனிகள் மூடிவிட்டுப் போகலாம்.

ஃபெதர் ஃபாலும் அப்படித்தான். விழுகிறவர்களை மெல்ல இறக்கிவிடும், அடிபடாது. விழாத வரை அது ஒரு வீண் செலவு. ஒரு மலைப்பாலம் அறுந்தபோதுதான் என் தாளில் அந்தப் பெயர் இருப்பதை எல்லோரும் பாசத்தோடு பார்த்தார்கள். ஒரு சிக்கல். மந்திரம் ஐந்து உயிர்களைத்தான் தாங்கும். நாங்கள் ஐந்து பேர், ஆறாவதாகச் சாமான் சுமக்கும் கழுதை.

"கழுதையை விடக்கூடாது" என்றாள் ட்ரூயிட்.

"அப்போ யாரை விடறது?" என்றார் ஆடிட்டர், பேனாவைத் திறந்தபடி.

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது சார்சரருக்கும் தெரிந்திருக்கும். 60 அடிப் பள்ளம், ஆறு பகடை. ஹிட் பாயிண்ட் பூஜ்யமாகி ஆள் மயங்கினார். அந்த நிலையில் மூன்று முறை பகடை கைவிட்டால் கதை முடிந்தது. ட்ரூயிட் ஓடிப்போய் வாயில் ஒரு பழத்தை வைத்தாள். மயங்கிக் கிடப்பவர் பழத்தை விழுங்க விதியில் இடமுண்டா என்று ஆடிட்டர் யோசிக்க ஆரம்பித்தார். காபி போட்டுக் குடித்துவிட்டும் வந்தோம், அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் கழுதைக்குரிய பழத்திலிருந்து கழித்துக்கொள்வதாகச் சொல்லி அனுமதித்தார்.

திறன்கள் விஷயத்தில் இவ்வளவு தலைவலி இல்லை. மொத்தமே பதினெட்டுதான். அதில் பெர்செப்ஷன் என்கிற கண்காது விழிப்பை எல்லோரும் எடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கும் ஏமாற்று ஒன்று உண்டு, மெடிசின். சாகக்கிடப்பவரைப் பிழைக்க வைக்க அதில் பகடை உருட்டிப் பத்தாவது எடுக்க வேண்டும். அதே வேலையை ஐந்து பொற்காசுக்குக் கடையில் விற்கும் மருந்துப் பெட்டி, பகடையே இல்லாமல், பத்து முறை செய்யும். ஏழு வருடம் டாக்டருக்குப் படித்தவரைப் பெட்டிக்கடை வென்ற கதை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் கயிறு கட்டுவதற்கென்றே யூஸ் ரோப் என்று தனித்திறன் இருந்தது. அதை நீக்கிவிட்டார்கள். எங்கள் ஆடிட்டருக்கு அதில் இன்றும் வருத்தம்.

மந்திரங்களிலும் இந்தப் பெயர் மோசடி உண்டு. ஃபைண்ட் டிராப்ஸ் என்ற மந்திரம் பொறி இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. ஆபத்து எந்த மாதிரி என்று பொதுவாக ஒரு கோடி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதைச் சொல்ல மந்திரம் எதற்கு, என் மாமியார் போதும். ட்ரூ ஸ்ட்ரைக் இன்னும் அழகு. இந்தச் சுற்றைத் தியாகம் செய்தால் அடுத்த சுற்றில் கொஞ்சம் நன்றாகக் குறி பார்க்கலாம். தியாகம் செய்யாமல் இரண்டு சுற்றும் அடித்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். 2024 திருத்தத்தில் மாற்றிவிட்டார்கள். 2014 பதிப்பின் ஃப்ரெண்ட்ஸ், ஒரு நிமிடத்துக்கு ஒருவரை நம்மிடம் இணங்க வைக்கும். நிமிடம் முடிந்ததும் மந்திரம் போட்டது அவருக்குத் தெரிந்துவிடும், பகையாளியாகிவிடுவார். கடன் வாங்கத் தோதான மந்திரம். அதே ஊரில் குடியிருக்க மட்டும் கூடாது.

ஃபைண்ட் ஃபமிலியர் எனக்குப் பிடித்தது. பத்துப் பொற்காசுக்குக் கரியும் சாம்பிராணியும் மூலிகையும் வாங்கி ஒரு மணி நேரம் பூஜை போட்டால் ஒரு ஆந்தை வரும். உளவு பார்க்கும், சண்டையில் எதிரியின் கவனத்தைக் கலைக்கும். செத்தால் இன்னொரு பத்துப் பொற்காசு. ஆடிட்டர் அதைத் தேய்மானக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

இப்படி அவருடைய பேரேட்டுக்கு ஏற்ப எங்கள் மந்திரங்களை எல்லாம் செதுக்கி வைத்திருந்த நேரத்தில்தான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிற மாதம் வந்தது. அசல் வாடிக்கையாளர்கள் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது பள்ளியில் வரலாறு நடத்தும் ஒரு தோழி. அவருக்கு ரேஷனில் அக்கறையில்லை. "சாப்டீங்கன்னு வச்சுக்கலாம்ப்பா" என்று ஒரே வரியில் குட்பெர்ரியை வேலையிலிருந்து நீக்கினார். கழுதையின் எடை என்ன, பெயர் என்ன என்று கேட்கவில்லை; அதன் மனநிலையைக் கேட்டார். அவர் உலகத்தில் சத்திரத்துக் கிழவிக்குக்கூட மூன்று தலைமுறை வம்ச வரலாறு உண்டு. எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். செத்தவர்களும். ஸ்பீக் வித் டெட் போட்டால் பிணம் ஐந்து கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் மூடுமந்திரமாக; பகையாளி என்றால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பிணத்தோடு அரை நாள் பேசி, ஐந்தில் ஒரு கேள்வியை "நல்லா இருக்கீங்களா?" என்று வீணாக்கியவர் எங்கள் சார்சரர்.

ஆனால் அவர்தான் இந்த ஆட்சியில் நாயகன். சார்சரருக்கு வசீகரம்தான் மூலதனம். சாதுவானவர் என்பதால் மாளிகை மாளிகையாகப் போய் மரியாதையாகப் பேசி வேலையை முடித்துக்கொண்டு வருகிறார். என் மிதக்கும் தட்டில் இப்போது கழுதை தூங்குகிறது.

ஆடிட்டர் வேலை முடிந்து திரும்பி வரப்போகிறார். வந்ததும் விட்டுப்போன நாட்களின் சாப்பாட்டுக் கணக்கைக் கேட்பார் என்பது நிச்சயம். தோழியும் நாற்காலியை விடுவதாக இல்லை. மாற்றி மாற்றி நடத்துவதாக ஏற்பாடு. இரண்டு ஆட்சியிலும் ஒன்றுபோலப் பயன்படுகிறவர் எங்களிடம் இல்லை. ஆகவே ஒரு கிளெரிக் தேவை. ஹீலிங் வேர்ட் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: 60 அடி தள்ளி நின்று ஒரு வார்த்தை சொன்னால் விழுந்தவர் எழுந்துவிடுவார், பழம் ஊட்டுவது பற்றிய விவாதம் தேவைப்படாது. ஞாயிறு மாலை நாலு மணி. பகடையை நீங்களே கொண்டுவாருங்கள். ஃபயர்பால் மட்டும் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அந்த இடம் காலியில்லை.