கொக்கியைப் பாருங்கள்

மூன்றரை தொன். இன்றைய டபுள் கெப் ஒன்றின் பின்னால் அவ்வளவு பாரத்தைக் கட்டி இழுக்கலாம் என்கிறது கம்பனி. ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் அப்படி. டி-மேக்ஸின் 3 லீற்றர் எஞ்சினும் அப்படி. இருநூறு குதிரைவலு, கொஞ்சம் முன்னே பின்னே.

மாத்தளை நகரில் ஒரு காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். கதவில் ஏதோ ஒரு திணைக்களத்தின் பெயர் ஒட்டிய கெப் வரும். உள்ளே ஒரு சாரதி, ஓர் அதிகாரி, ஒரு கோப்பு. பகல் ஒன்றரைக்கு அதே கெப்பில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை போகும். சனிக்கிழமை தம்புள்ளையில் வாங்கிய மரக்கறிப் பை போகும். அந்தப் பையும் ஆசனத்தில்தான் போகும். பின்பெட்டியில் போட்டால் பெயின்ட் கீறிவிடுமே!

அதே நேரம் ரத்தோட்டைப் பக்கம் தோட்டத்து டிராக்டர் ஒன்று கொழுந்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு இருமி இருமி ஏறும். துரை மாறினார். கம்பனி மாறியது. டிராக்டர் மாறவில்லை. கலேவெலயில் ஒரு லேண்ட்மாஸ்டர் பெரிய வெங்காயம் ஏற்றிய பெட்டியை இழுக்கும். ஒற்றை சிலிண்டர். பத்துப் பன்னிரண்டு குதிரைவலு.

கணக்கைப் பாருங்கள். பத்துக் குதிரை ஒரு குடும்பத்தை இழுக்கிறது. இருநூறு குதிரை ஒரு கோப்பை இழுக்கிறது. அந்தக் கோப்பும் நகரவில்லை.

மரக்கறி வியாபாரி நண்பர் ஒருவருக்கு ட்ரெயிலர் இழுக்க ஒரு பழைய கெப் தேவைப்பட்டது. காலம் தப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம், பழைய இரும்பெல்லாம் பவுன் ஆனது. பத்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியை வாங்கிய விலைக்கு மேல் விற்றோம். அதைப் பொருளாதாரம் என்றும் அழைத்தோம்.

நண்பர் என்னையும் கராஜ் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். “எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கு?” என்று விற்பவரிடம் கேட்டார். பாஸ் சிரித்தார். “மீற்றரைத் திருப்பலாம் அண்ணே. எஞ்சினைத் திருப்ப ஏலாது.”

பிறகு பாஸ் தன் வேலையைத் தொடங்கினார். முதலில் பொனட்டில் கை வைத்தார். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே ஸ்டார்ட் செய்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அமைச்சர் வரும் நாளில் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிப்பதைப் போல. குளிர்ந்த எஞ்சின் முதல் திருப்பில் பிடிக்கவேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் இன்ஜெக்டரிலோ காற்றோட்டத்திலோ கோளாறு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திற. புகை குபுகுபுவென்று கிளம்பினால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. பழைய 3 லீற்றர் ஹைலக்ஸ் என்றால் இன்ஜெக்டரைத் தனியாகச் சோதி. கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே வெடிக்கும். டி-மேக்ஸின் 3 லீற்றர் எஞ்சின் லொறிக் குடும்பத்துப் பிள்ளை, பாரத்துக்குப் பழகியது.

கடைசிச் சோதனைதான் முக்கியம். பாரத்தைக் கட்டி ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் ஏற்று. வெப்பமானி முள்ளைப் பார். சமதரையில் எல்லா எஞ்சினும் உத்தமன்தான்.

தரகர் இன்னொரு கெப்பையும் காட்டினார். ஏலத்தில் எடுத்தது. ஒரு காலத்தில் அரசாங்க வாகனம். “ஆபீஸ் ஓட்டம் மட்டும்தான் சேர். ஒரு மூட்டைகூட ஏத்தல்ல.” பாஸ் முகத்தைச் சுளித்தார்.

“அதுதான் வருத்தமே.”

டீசல் எஞ்சினுக்கு வேலைதான் மருந்து. சும்மா இருப்பது நோய். கூட்டம் முடியும்வரை ஏசிக்காக வாசலில் உறுமிக்கொண்டு நிற்பதும், அரை மைல் ஓடி அணைவதும் அதன் நெஞ்சில் கரியைப் படியவிடும். வால்வு அடைக்கும். டர்போ திணறும். புகை வடிகட்டி உள்ள வண்டியில் இன்னும் மோசம். சூடேறினால்தான் அந்த வடிகட்டி தன் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதிலேயே குறை இருந்தால்? 2015க்கும் 2020க்கும் இடையில் விற்ற டொயோட்டா டீசல் வண்டிகளின் வடிகட்டியில் குறை உண்டு என்று ஆஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பே சொன்னது. அங்கே வேலை செய்யாத வடிகட்டிக்கு எதிராக வழக்குப் போடலாம். இங்கே வேலை செய்யாதவர்களுக்கு எரிபொருள் படி உண்டு.

சரி, நல்ல எஞ்சினே வாய்த்தது என்று வையுங்கள். அதற்குள் எதை ஊற்றுவது? 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூனில் 460 ரூபா. மண்ணெண்ணெய் மட்டும் 87 ரூபாவிலேயே நின்றது. இடைவெளி இருந்தால் கலப்படம் நுழையும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மண்ணெண்ணெயில் வழவழப்பு இல்லை. டீசல் பம்பை அது அரித்தே தின்னும். பெரியவர்கள் யோசித்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெயை ஒரே தாவலில் 340 ரூபா ஆக்கினார்கள். கலந்தவன் வேறு வழி தேடிக்கொண்டான். லயத்தில் விளக்கேற்றியவள் இருட்டில் உட்கார்ந்தாள்.

எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்தது. லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றி ஒருமுறை போய் வந்தால் அடுத்த கிழமைவரை லொறிக்கு விரதம்.

நாட்டுக்கே பாரம் கட்டி ஏற்றத்தில் விட்ட வருடம் அது. புகையும் பார்த்தோம், கொதித்துப் பொங்கியதையும் பார்த்தோம். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றதும் சாரதி ஆசனத்தில் இருந்த ஜனாதிபதி இறங்கி ஓடினார். 2022 ஜூலை 13. மாலைதீவுக்கு. பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நாம்தான். இன்றும் தள்ளுகிறோம்.

மக்கள் சேவைக்கு என்று பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். பத்திரம் கைமாறிக் காசானது ஊரறிந்த கதை. நீதிமன்ற வாசல்வரை போன கதை. வாகனம் ஓட முன்பே இலாபம் ஓடியது. இப்போதைய ஆட்சி அந்தப் பத்திரம் இனி இல்லை என்கிறது. 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை ஏலமும் போட்டது. நல்லது. இது இன்னும் சமதரை. ஏற்றம் வரட்டும், முள்ளைப் பார்ப்போம்.

ஆட்சியாளர்களுக்கு இழுவைத் திறன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளி 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டது 2015இல். அது வர்த்தமானியில் ஏறியது 2021இல். ஆறு வருடம் இழுத்தார்கள்! எந்த ஜப்பான் எஞ்சினும் இவ்வளவு காலம் ஒரே கியரில் இழுத்ததில்லை.

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்து பாருங்கள். ஐந்து தேர். ஒன்றிலும் எஞ்சின் இல்லை. கொழுந்து பறித்த கை, கடையில் மூட்டை தூக்கிய கை, எல்லாம் சேர்ந்து வடம் பிடிக்கும். தேர் நகரும். மேலே உட்கார்ந்து வர அம்மனுக்கு மட்டும்தான் உரிமை. அவளும் எரிபொருள் படி கேட்பதில்லை.

நண்பர் கடைசியில் அந்த ஆபீஸ் கெப்பை வாங்கவில்லை. கிளம்பும்போது பாஸ் அதன் பின்புறம் குனிந்து ட்ரெயிலர் கொக்கியைத் தடவிப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். இழுத்த வண்டி என்றால் அந்த இடம் தேய்ந்து இரும்பு பளபளக்கும்.

பத்து வருடம் மக்கள் பணத்தில் ஓடிய வண்டி. கொக்கியில் கம்பனி அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது.