இசைத்தட்டில் இசை இல்லாத இடங்கள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

பாயிரம்

ஜாஸ் இசைத்தட்டு பன்னிரண்டு அங்குல விட்டமும் நடுவே ஒரு துளையும் உடையது. துளையைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தால் இசை வரும் என்பர் ஒரு சாரார். அதைச் சோதிக்க வேண்டுமானால் தட்டை உறையிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் விலை குறையும். ஆகவே இவ்வாய்வு அக்கூற்றைச் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறது (பார்க்க: இக்கட்டுரை, அடுத்த பத்தி).

இயல் 1: விலாசம்

நியூயார்க்கில் 1939இல் ஆல்ஃபிரட் லயன் தொடங்கிய ப்ளூ நோட் நிறுவனம் ஜாகை மாற்றியபோதெல்லாம் லேபிளில் அச்சான விலாசமும் மாறியது. ஒரு காலத்தில் 767, லெக்சிங்டன் அவென்யூ. 1957இல் 47, வெஸ்ட் 63ஆம் தெரு. பிற்காலத்தில் தெருவும் கதவு எண்ணும் போய், வெறும் நியூயார்க் மட்டும் மிஞ்சியது. எந்த விலாசம் அச்சான தட்டு என்பதே அதன் குலம், கோத்திரம் எல்லாம்.

இத்துறையின் திவ்ய க்ஷேத்திரம் ஹேங்க் மோப்ளியின் 1568ஆம் எண் தட்டு. 1957இல் பதிவானது. இதன் ஒரு பக்க லேபிளில் விலாசம் ‘என்ஒய்சி’ என முடிகிறது. மறுபக்கத்தில் ‘நியூயார்க் 23’ என முடிகிறது. 23 என்பது அக்காலத்து அஞ்சல் வட்டார எண். இந்த இரண்டு இலக்கம் இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து ஆயிரக்கணக்கான டாலர் கைமாறுகிறது. இதே தட்டில் சன்னி கிளார்க் பியானோவும் பால் சேம்பர்ஸ் பாஸும் வாசிப்பதாகத் தெரிகிறது. மோப்ளி என்பவர், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவரைப் போல, குரலை உயர்த்தாமல் டெனர் சாக்ஸபோன் ஊதுகிறார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. இவர்களுக்கு அஞ்சல் வட்டார எண் இல்லாத காரணத்தால் ஆய்வில் சேர்க்கவில்லை.

இயல் 2: காது

கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையே வழவழப்பான வளையம் ஒன்று உண்டு. அங்கே இசை கிடையாது. ஆகவே அதுவே தட்டின் கருவறை. சேகரிப்பாளர் இதைக் கேட்பதில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து வாசிக்கிறார்.

ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் பெயரின் முதலெழுத்துகளை இங்கேதான் பொறித்தார். இவர் நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஜாஸைப் பதிவுசெய்தவர். பகலில் கண் பரிசோதகர். தம் முதலெழுத்தைத் தேடிப் பிற்காலத்தார் கண்ணைக் கெடுத்துக்கொள்வர் என்பதைத் தொழில்முறையில் முன்னறிந்திருக்கக் கூடும்.

அதே வளையத்தில் தட்டை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலை தன் பெயரின் முதலெழுத்தைச் சுழித்துப் பொறித்தது. பார்வைக்கு அது காது மாதிரி இருந்ததால், சேகரிப்பாளர் வழக்கில் காதாகவே நிலைத்துவிட்டது. 1960களின் நடுவில் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின் அச்சான தட்டுகளில் காது இல்லை. காதுள்ள தட்டுக்கு ஒரு விலை, காதில்லாத தட்டுக்கு வேறு விலை. காது தட்டுக்கு இருந்தால் போதும். வாங்குகிறவருக்கும் இருக்க வேண்டுமென்று விதி இல்லை.

இம்முறையியல் புதிதன்று. ஆய்வேட்டின் நன்றியுரையை மட்டும் படித்து, அதில் தம் பெயர் இல்லையெனக் கண்டு, ‘ஆழம் போதாது’ என்று மதிப்புரை எழுதும் பேராசிரியர்கள் இதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள்.

இயல் 3: ஓபி

ஜப்பானியத் தட்டின் உறையைச் சுற்றியிருக்கும் தாள்பட்டை. கிழிந்தால் தீட்டு.

இயல் 4: சன் ரா

ஜாஸ் குழுத் தலைவரான இவரது சாட்டர்ன் நிறுவனத் தட்டுகள் பலவற்றுக்குக் குழுவினரே கையால் உறை வரைந்தனர். ஒரே தட்டு வேறு வேறு உறைகளில் கிடைக்கும். இவற்றுள் முதற்பதிப்பு எது என்ற ஆய்வு கைவிடப்பட்டது. ஆய்வாளர் இப்போது நலமாக உள்ளார்.

இயல் 5: நீளம்

லூ ரீடின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ (1975) நான்காம் பக்கத்தின் கடைசி வரிப்பள்ளம் வட்டமாக மூடிக்கொள்வது. யாராவது எழுந்துபோய் ஊசியை எடுக்கும்வரை இரைச்சல் ஓயாது. முழுதும் கேட்டதாகச் சொல்பவர் பொய்யர்.

இயல் 6: இசை

தரவு போதவில்லை.

இயல் 7: கீறல்

கீறல் குற்றம் என்பது பொதுவிதி. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ் என்று படிப்படியாக இறங்கும் தரவரிசை முழுதும் இவ்விதியின்மேல்தான் நிற்கிறது. கலைஞர் கிறிஸ்டியன் மார்க்ளே 1985இல் இதன் அடியில் வேட்டு வைத்தார். ‘ரெக்கார்ட் வித்அவுட் எ கவர்’ என்ற அவருடைய தட்டு, பெயருக்கேற்ப உறையே இல்லாமல் விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பான உறையில் வைக்காதே என்ற கட்டளை தட்டிலேயே பொறித்திருக்கிறது. கடையிலும் தபாலிலும் அலமாரியிலும் விழும் ஒவ்வொரு கீறலும் படைப்பில் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்குப் பதிவிலேயே பழைய தட்டுகளின் கரகரப்பு இருக்கிறது. காதில் விழும் ‘டிக்’ மார்க்ளே வைத்ததா, தபால்காரர் வைத்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

இதன் தரத்தை எப்படி நிறுவுவது? உரையாசிரியர்கள் நால்வகைப்படுவர்.

கீறலற்ற பிரதியே உயர்ந்தது என்பர் முதல் சாரார். அது பொருந்தாது, கீறல் விழாதவரை படைப்பு முற்றுப்பெறவில்லை, முற்றுப்பெறாததை மின்ட் என்று விற்பது மோசடி. கீறல் மிகுந்ததே உயர்ந்தது என்பர் இரண்டாம் சாரார். அதுவும் பொருந்தாது; ஒரு துருப்பிடித்த ஆணி இருந்தால் எவரும் ஒரே இரவில் செல்வந்தராகிவிடலாம். தானாக விழுந்த கீறலே மூலம், வேண்டுமென்று கீறியது இடைச்செருகல் என்பர் மூன்றாம் சாரார். ஏட்டுச்சுவடியில் கறையான் அரித்த ஓட்டைக்கு இரண்டு பாடபேதம் சொல்லிப் பழகியவர்களுக்கு இது கடினமன்று. நான்காம் சாரார் தட்டை உறையில் வைக்காமல் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டியில் வைப்பர். கேட்டால், பெட்டி உறையன்று என்பர். (பார்க்க: ‘பெட்டி உறையன்று’ என்னும் என் கட்டுரை, வெளிவராதது; அதற்கு நானே எழுதிய ‘பெட்டி உறையே’ என்னும் மறுப்பு, அதுவும் வெளிவராதது; இரண்டையும் சமரசம் செய்து எழுத உத்தேசித்த நூலின் அட்டை மாதிரி; அம்மாதிரியின் பின்புறம் பென்சிலில் காணப்படும் ‘அபாரம்’ என்னும் குறிப்பு. இதன் கையெழுத்து என்னுடையதை ஒத்திருப்பது தனி ஆய்வுக்குரியது.)

சிக்கல் இத்துடன் முடியவில்லை. 1989இல் சூரிக் நகரில் மார்க்ளே 3,500 தட்டுகளைத் தரையில் பரப்பி, வந்தவர்களை அவற்றின்மேல் நடக்கவிட்டார். மிதிபட்ட தட்டுகள் பிறகு விற்பனைக்கு வந்தன. எனவே தரவரிசையில் புதிய படிகள் தேவைப்படுகின்றன: குதிகால் மிதி, நுனிக்கால் மிதி, தயங்கி மிதித்தது, தெரியாமல் மிதித்து மன்னிப்புக் கேட்டது. ஒரே காலணியின் இடது, வலது இரண்டும் பதிந்த பிரதி கிடைத்தால், அதை ஸ்டீரியோ எனக் கொள்க.

இயல் 8: கேள்வி ஞானம்

அரிதாகச் சிலர் தட்டைக் கேட்டும் விடுகின்றனர். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) பதிவானபோது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் முதல் பக்கம் முழுதும் தட்டில் சுருதி ஏறி ஒலித்தது. 1992ஆம் ஆண்டு மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். ஆகவே அசலை விரும்புவோர் பிசகிய சுருதிக்கு அதிக விலை கொடுப்பர். வாசித்தவர்கள் வாசித்த சுருதியே போதும் என்பவர் மலிவான பிரதியோடு நிற்பர். இதிலும் பாஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ்தான். இக்கட்டுரையில் அவர் நுழைவது இது இரண்டாம் முறை. கலைஞர்கள் இப்படி ஆய்வுக்குள் புகுவதைத் தடுக்க ஏதேனும் செய்தாக வேண்டும்.

2022இல் வேறொரு சோதனை, யாரும் திட்டமிடாமலே நடந்தேறியது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகளை, டிஜிட்டலின் நிழல் படாதவை என்று நம்பிப் பலர் வாங்கியிருந்தனர்; அனலாகின் வெதுவெதுப்பைப் புகழ்ந்து உருகியும் இருந்தனர். அவற்றுள் பலவற்றின் தயாரிப்பில் ஆண்டுக்கணக்காக ஒரு டிஜிட்டல் படி இருந்துவந்தது என்ற செய்தி வெளியானது. தட்டு அதே தட்டு, ஊசி அதே ஊசி, காதும் அதே காது. வெதுவெதுப்பு மட்டும் அன்று மாலையே ஆறிப்போனது. இதனால் பெறப்படும் முடிபு: வெதுவெதுப்பு என்பது தட்டில் இல்லை, தகவலில் இருக்கிறது.

முடிபும் பரிந்துரையும்

ஜான் கேஜ் 1952இல் அமைத்த 4 நிமிடம் 33 வினாடிப் படைப்பில் கலைஞர் ஒரு சுரமும் எழுப்புவதில்லை. இத்தாலியின் கிராம்ப்ஸ் நிறுவனம் 1974இல் இதையும் தட்டில் கொண்டுவந்தது. சேகரிப்புக் கலையின் உச்சம் இதுவே. கேட்கும்போது விழும் கரகரப்பும் கேஜின் கணக்கில் இசைதான். எனவே குறைசொல்ல இடமில்லை. பிரிக்காத பிரதியை வைத்திருப்பவரோ அதை இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், விலையும் குறைவதில்லை.

ஜாஸ் தட்டுகளையும் இந்நிலைக்கு உயர்த்துவதே இனி நம் கடமை. ஒரு தடைதான் உண்டு. அவற்றில் மோப்ளி இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார், சேம்பர்ஸும் விடுவதாக இல்லை. போதிய நிதி ஒதுக்கினால் மூன்று ஆண்டுகளில் இருவரையும் அகற்றிவிடலாம். விண்ணப்பம் மூன்று படிகளில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.