தாக்கம் ஏதும் பதிவாகவில்லை

அனுப்புமிடம்: கரவனெல்ல, கேகாலை மாவட்டம்
பெறுநர்: அரச கொள்கை வகுக்கும் சகல அமைச்சுகளும், கொழும்பு
விடயம்: சமூகத் தாக்க மதிப்பீடும், அது இல்லாமலே நடந்துவரும் சீரான நிர்வாகமும்

ஒரு முடிவு யாருடைய பிழைப்பை, குடியிருப்பை, உடல்நலத்தை எப்படி மாற்றும் என்று அந்தச் சனத்திடமே கேட்டு ஆராய்ந்து எழுதுவதுதான் சமூகத் தாக்க மதிப்பீடு. முடிவை எடுப்பதற்கு முன்னர் இதைச் செய்யவேண்டும் என்ற ஒரு சிறு நிபந்தனையைத் தவிர, மற்றதெல்லாம் அமைச்சுகளுக்கு உடன்பாடுதான். அந்த நிபந்தனையும் எப்படி முளைத்தது என்று தெரிந்துகொண்டால் அதைத் தவிர்ப்பது இன்னும் இலகுவாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1970 ஜனவரி 1ஆம் திகதி கையெழுத்தான தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டம், பெரிய திட்டங்களுக்குத் தாக்க அறிக்கை வேண்டும் என்றது. அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்க எழுதிய அறிக்கையில் உறைநிலத்துக்கும் கரிபூ மான்களுக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. மான் கதை சரி, எங்கள் சனத்தின் வழக்கங்களுக்கு என்ன நடக்கும் என்று அங்குள்ள பழங்குடித் தலைவர் ஒருவர் கேட்டதாக இத்துறையின் பாடநூல்கள் சொல்கின்றன. கேள்வி கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமானது. ஆனாலும் துறை வளர்ந்துவிட்டது. அடுத்ததாகக் கனடாவில், மக்கென்ஸி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய் பற்றி விசாரிக்க 1974இல் தோமஸ் பேர்ஜர் என்ற நீதிபதி நியமிக்கப்பட்டார். தலைநகரில் இருந்தபடியே மனு வாங்கியிருந்தால் காரியம் சுருக்காக முடிந்திருக்கும். அவரோ 35 குடியிருப்புகளுக்குப் போய், வேட்டையாடுபவரும் மீன் பிடிப்பவரும் தத்தம் மொழியில் சொன்னதைக் கேட்டார். பழங்குடிகளின் நில உரிமைக்குத் தீர்வு வரும்வரை குழாயை 10 ஆண்டு தள்ளிவைக்கவேண்டும் என்றது 1977இல் வந்த அவருடைய அறிக்கை. சனத்திடம் போய்க் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை அமைச்சுகளுக்குக் கிடைக்காது.

இலங்கை இந்த ஆபத்தை அளவோடு ஏற்றுக்கொண்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் தாக்க மதிப்பீட்டைச் சேர்த்தது 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம். எந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தது. இதில் சமூகத் தாக்கம் தனித்து நிற்பதில்லை. சுற்றாடல் அறிக்கையின் உள்ளே, மரம், பறவை, நீர்நிலை எல்லாம் முடிந்த பிறகு மனிதர்கள் வருவார்கள்.

பட்டியலின் அழகு அதன் எண்களில் இருக்கிறது. நீர்மின் நிலையம் 50 மெகாவாட்டைத் தாண்டவேண்டும். காணி வெளியாக்கல் 50 ஹெக்டேயரைத் தாண்டவேண்டும். விருப்பத்துக்கு மாறான மீள்குடியேற்றம் 100 குடும்பங்களைத் தாண்டவேண்டும். ஆக, 100 குடும்பங்களை எழுப்பி அனுப்பினால் சமூகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. 101ஆவது குடும்பம் சட்டி பானையைக் கட்டும்போதுதான் தாக்கம் பிறக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று வைத்தால், ஒன்பது முதல் பதினொரு லயங்களை ஒரே நேரத்தில் இடித்தால்தான் சட்டம் கண் விழிக்கும். காப்பகங்கள் போன்ற இடங்களுக்கு அளவு பாராத தனி விதி உண்டு. லயம் அந்த வகையில் சேராது.

2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கை இந்த அழகைக் கெடுக்கப் பார்த்தது. 20 குடும்பங்கள் என்றாலே முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் வேண்டும், காணி உறுதி இல்லாதவரையும் நியாயமாக நடத்தவேண்டும் என்றெல்லாம் அது எழுதி வைத்திருக்கிறது. நல்லவேளை, கொள்கை சட்டமாகிவிடவில்லை.

எல்லையைத் தாண்டிய திட்டம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கம் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறவேண்டியிருந்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மின்சாரம் 2012இல்தான் வந்தது. இடம் மாறியவர்கள் பலர் லயத்தை விட்டு வீட்டுக்குப் போனார்கள். மதிப்பீட்டினால் வரக்கூடிய செலவுகளில் இதுவும் ஒன்று.

அவசர நிலையில் நடக்கும் மீள்குடியேற்றம் கணக்கில் வராது என்பது அதே பட்டியலின் இன்னொரு வசதி. கேகாலை மாவட்டம் இதை நன்றாக அறியும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதே நாள், கரவனெல்லயிலிருந்து கேகாலைக்குப் போகும் வீதியிலுள்ள புலத்கொஹுபிட்டியப் பக்கம் தோட்டக் குடியிருப்பு ஒன்றும் மண்ணுக்கடியில் போனது. அறிவித்தல் கொடுக்காமல் வந்ததால் இது அவசர நிலை. சரிவில் லயத்தைக் கட்டியது மட்டும் திடீரென்று நடந்ததல்ல. அந்த அவசரம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருந்து வந்தது.

இதுவரை சொன்னது திட்டங்களைப் பற்றி மட்டுமே. அணை, வீதி, கற்குவாரி என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இருந்தால் பட்டியலில் தேடலாம். கொங்கிறீற் ஊற்றாமல் கடதாசியில் மட்டும் எடுக்கப்படும் முடிவுகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சனத்தின் வாழ்க்கையை அதிகம் புரட்டிப்போடுகிறவை பெரும்பாலும் அவைதான் என்பது தற்செயலாக இருக்கலாம்.

2015 ஜூனில் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. வறண்ட வலயத்து விவசாயிகளைத் தின்றுகொண்டிருந்த சிறுநீரக நோய் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த அச்சம் சாதாரணமானதல்ல. ஈர வலயத்துத் தோட்டங்களிலோ புல்வெட்டுக்கு ஆள் போதாமல் மலைகள் காடாகின. அட்டையும் பாம்பும் யாருடைய காலைத் தேடி வரும் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018 ஜூலையில் தடை தளர்ந்தது. மூன்று வருடப் பரிசோதனை. பரிசோதனைக்கு உட்பட்டவரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு.

அடுத்த முறை நிர்வாகம் இன்னும் தேர்ச்சி பெற்றிருந்தது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கி ஒரு வர்த்தமானி வந்தது. மே 6ஆம் திகதி இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை என்று இன்னொன்று வந்தது. இரண்டும் வெவ்வேறு அமைச்சுகளில் பிறந்தவை. வந்து விழுந்ததோ ஒரே கூடையில்.

எப்படி என்பதைப் பார்க்கத் தோட்டத்துக் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். அந்தி நிறுவை முடியும்போது தோட்டம் குறித்த கிலோவைத் தொட்டிருந்தால் முழுப்பேர். தொடாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தேயிலை இலைப் பயிர். நைதரசன் குறைந்தால் தளிர் குறையும். சம்பளம் கூடியதும் கிலோவைக் கூட்டுகிறார்கள், வேலை நாளைக் குறைக்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் ஏற்கெனவே முறையிட்டுக்கொண்டிருந்த வேளையில் பசளையும் நின்றது. செடி தளிர்க்கவில்லை, தண்டனை கொழுந்தெடுத்தவளுக்கு. 1000 ரூபாய் வர்த்தமானியில் அப்படியே இருந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ; 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன். தடை 2021 நவம்பரிலேயே நீங்கிவிட்டது. அப்போது பசளை வாங்க டொலர் இல்லை.

கரவனெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பரும் உண்டு. விடியக்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்து பால்வெட்டு நிற்கும்; அன்றைக்குப் பேர் விழாது. நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் பக்கங்களில் இதுவும் ஒன்று. நாட்சம்பளம் எவ்வளவு என்று கொழும்பு கேட்கும். மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்றுதான் லயத்தில் கேட்பார்கள். கடையில் கடன் கிடைக்குமா, பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகுமா என்பதெல்லாம் அந்த இரண்டாவது எண்ணைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு ஆலோசகர் வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்துச் செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்திலும் நாள்வாரியாக எழுதியிருக்கிறது. மதிப்பீட்டுக்குத் தேவையான தரவு இவ்வளவு பக்கத்தில் இருப்பது மதிப்பீடு செய்யாதவர்களுக்குச் சற்றுச் சங்கடம்தான்.

மதிப்பீட்டைத் தவிர்க்கும் விடயத்தில் தமிழ்நாடு அதிகம் உழைத்திருக்கிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கும் தனது சட்டங்களுக்கு அது பொருந்தாமல் இருக்க மாநில அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதாக்கியது. அதே ஆண்டு மாநிலம் புதுச் சட்டம் இயற்றி அவற்றை உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த நேரத்தில் கேட்கவேண்டியவர்களை எல்லாம் கேட்டே முடித்திருக்கலாம். கொழும்பு அமைச்சுகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. கொள்கை முடிவுகளுக்கு இல்லாத கடப்பாட்டிலிருந்து விலக்குக் கேட்கத் தேவையில்லை.

இலங்கையில் திட்டங்களுக்கு மதிப்பீடு நடக்கும்போதும் சனத்தின் தலையீடு வரம்பு மீறாது. அறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வரும். பத்திரிகை வராத லயத்திலிருந்து ஒருவர் ருவன்வெல்ல பிரதேச செயலகத்துக்குப் போய் அறிக்கையைப் பார்க்க ஒரு பேரை இழக்கவேண்டும்; எழுதிக் கொடுக்க இன்னொரு பேர். கருத்து எதுவும் வரவில்லையென்றால் ஆட்சேபனை இல்லை என்று பொருள். வீடு வீடாகப் போய் நிரப்பும் படிவமும் அடக்கமானது. அதில் காணி உரிமையாளர் என்ற கட்டத்துக்கு நேரே லயத்துக்காரர் சொல்ல எதுவும் இருக்காது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. காலங்காலமாக இருந்தவர் ‘குடியிருப்பவர்’ என்று பதிவாவார்.

எனவே, கொள்கைகளுக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று எவராவது கோரினால், அமைச்சுகள் கவனமாக இருப்பது நல்லது. செக்ரோல் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார்கள். விசாரணையைச் செயலகத்தில் வைக்காமல் பிரட்டுக்களத்தில், தமிழில், காலை ஆறு மணிக்கு வைக்கச் சொல்வார்கள். வந்தவர்களுக்கு அன்றைய பேரைப் போடச் சொல்வார்கள். வர்த்தமானி அச்சுக்குப் போகுமுன் பதிலைப் படித்தாயிற்றா என்றும் கேட்பார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை என்பதால், நிதி இல்லை என்ற வழமையான பதில் இம்முறை போதாது. வேறொன்றை இப்போதே தயார் செய்வது உசிதம்.

இணைப்பு: இல்லை
பிரதி: கோவைக்கு