ரைன் நதிக்கரையில் நனைந்து வந்தவர்

சிவகாசியில் மழை பெய்கிற நாட்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் மழையென்று அங்கீகரிக்க மறுக்கிறவர் அச்சக வீதிக்கு ஒருவராவது இருக்கிறார். நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஜெர்மனி தேசத்து டுஸ்ஸல்டார்ஃப் நகரில் கூடும் ட்ரூபா என்னும் அச்சுயந்திரக் கண்காட்சிக்குப் போய், யந்திரங்களைப் பார்த்த களைப்புத் தீர ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, ரைன் நதிக்கரையோரமாகக் கொலோன் நகரை நோக்கிப் புறப்பட்டு, வழியெல்லாம் மழையில் நனைந்து, அந்த ஈரம் இன்றுவரை உலராமலே உலவுகிறாரே, அவர்தாம். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் நிமித்தம் அக்கண்காட்சி நடவாமற்போயிற்று. அதனால் 2016-க்கும் 2024-க்கும் இடையே இத்தகைய யாத்திரிகர் புதிதாக உற்பத்தியாகாமல் நம் காதுகளுக்கு வாய்த்த எட்டாண்டு ஓய்வை, அப்போது ஒருவரும் உணர்ந்து அனுபவிக்கவில்லை.

வானம் கறுத்தால் இந்த ஊர் என்ன செய்யும் என்பது தெரிந்ததே. பட்டாசு ஆலைகளில் களத்தில் காயப்போட்ட சரக்கை அள்ளிக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். ஃபோர்மேன் மருந்து அறையைப் பூட்டச் சொல்வார். ரீம் ரீமாகத் தாள் ஏற்றிவந்த மினி லாரியின்மேல் தார்ப்பாய் விழும். தாள் ஈரம் குடித்து, வர்ணத்துக்கு வர்ணம் ரிஜிஸ்டர் சேராமல், அடுத்த வருஷத்துக் காலண்டரில் முருகப்பெருமானுக்கு இரண்டு மூக்கு விழுந்துவிடுமோ என்று ஆப்செட் மிஷின்மேன் கலங்குவார். இத்தனை அமளிக்கும் நடுவே நம்மவர் மாத்திரம் நிதானமாகப் போர்டிகோவுக்கு வந்து, வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழுந்த நாலு துளியை, உரைகல்லில் பொன்னைத் தேய்த்துப் பார்க்கும் ஆசாரியைப் போலச் சற்று நேரம் உற்றுநோக்கி, "ம்ஹூம்" என்பார்.

"இதெல்லாம் ஒரு மழையா அண்ணாச்சி? அங்க பெஞ்சது பாருங்க, அது மழை."

அந்த மழையின் லட்சணங்களைக் கேட்டுக் கேட்டு நான் மனனம் செய்திருக்கிறேன். அது சப்தமின்றிப் பெய்தது. சற்றே சாய்வாகப் பெய்தது. தரையில் சேறு செய்யவில்லை. காலை முதல் மாலைவரை ஒரே சீராக, அவருடைய வார்த்தையிலேயே சொன்னால் 'டீசண்டாக'ப் பெய்தது. இவற்றுள் ஒரு லட்சணம் குறைந்தாலும் நம்மூர் மழைக்குத் தேர்ச்சி கிடையாது. பங்குனிப் பொங்கலன்று விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயில் வாசலில் இடியும் மின்னலுமாகக் கோடைமழை கொட்டி, அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்று கூட்டம் முழுவதும் கைகூப்பி நின்றபோது, இவர் ஒருவர் கடைத் தாழ்வாரத்தில் நின்றபடி, "சத்தம் ஜாஸ்தி" என்று குறை கண்டார். ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விடாமல் பெய்தபோது, எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, சீர் போதாதென்று தீர்ப்பளித்தார். ஒரு துக்க வீட்டில் உடலை எடுக்கிற வேளையில் தூறல் விழ, புண்ணியாத்மா என்று சொல்லி வயோதிகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அவருடைய தோளைத் தொட்டு இவர் ரைன் நதிக்கரைத் தூறலின் சாய்வை விவரிக்கத் தொடங்கிவிட்டார். இறந்தவரின் மருமகன் வந்து கையைப் பிடித்து அப்பால் அழைத்துப் போகும்படி ஆயிற்று.

பொறுக்கமாட்டாமல் ஒருமுறை கேட்டேன்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதையாவது மழைக்கணக்கில் சேர்ப்பீர்களா? "அது வெள்ளம் அண்ணாச்சி. வெள்ளம் வேற, மழை வேற" என்றார். டுஸ்ஸல்டார்ஃபிலும் சரி, நம் விருதுநகர் மாவட்டத்திலும் சரி, ஆண்டொன்றுக்குப் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர்தான். அங்கே அதைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டுத் தூவுகிற வானம், இங்கே பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டு மிச்ச மாதங்களில் கையை விரித்துவிடுகிறது. இந்த விவரத்தை அவர்முன் வைத்தேன். "அளவ யாரு கேட்டா? தரத்தச் சொல்றேன்" என்று முடித்துவிட்டார்.

அங்கே வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டைச் சித்திரை வெயிலிலும் காரின் பின்சீட்டில் வைத்திருப்பது, ஹாரன் சப்தம் கேட்டால் முகத்தைச் சுளிப்பது முதலிய இதர பழக்கங்களை நான் பொருட்படுத்துவதில்லை.

உடன் போய்வந்த சகபயணி ஒருவர் மூலமாகப் பின்னால் தெரியவந்த விஷயம் வேறு. நம்மவர் பாதி தூரம்கூட முழுசாக ஓட்டவில்லை. டோர்மாகன் என்ற ஊர் வந்ததும் கால் ஓய்ந்து, ரயிலேறிவிட்டார். அந்தத் தேசத்தில் சைக்கிளுக்கும் தனியே சீட்டு வாங்கிப் பிராந்திய ரயில்களில் ஏற்றிக்கொள்ளலாம். கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 157 மீட்டர் உயரமுள்ள அந்தப் பேராலயம் எதிரிலேயே நிற்கும். ஆகையால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகப் புகைப்படம் எடுப்பதில் சிரமமே இல்லை. காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக உலகத்தைச் சுற்றிவந்து 1940-இல் அதை வெளியிட்ட ஏ.கே. செட்டியார், தம் பிரயாணங்களை எழுதியபோது தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டது வெகு குறைவு. நம்மவரோ டோர்மாகனுக்கு இப்பாலுள்ள சில மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு மகாகாவியமே நடத்துகிறார்.

இருந்தாலும் அந்தச் சில மணி நேரத்தை நினைத்தால் எனக்கு அவர்மேல் ஒரு வாஞ்சை உண்டாகிறது. மழை பொய்த்த கரிசல் பூமி இது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே ஊன்றியபோது, விவசாயியை வஞ்சித்த அதே வறண்ட வானம் தொழிலுக்கு மூலதனமாயிற்று. தீப்பெட்டியின்பின் பட்டாசும், அவற்றுக்கு லேபிள் அடிக்க வந்த அச்சும் அந்த வானத்தை நம்பியே வளர்ந்தன. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும் என்ற பயத்தையும், மழையென்றால் நஷ்டம் என்ற கணக்கையும் தாய்ப்பாலோடு பருகிய ஓர் ஊரிலே, மீசை அரும்புமுன் பிரஸ்ஸில் நுழைந்து, ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டுமே, மார்கழிக்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலைகளிலேயே தலை நரைத்த ஒரு மனிதர், வாழ்நாளில் முதன்முறையாக, எந்த ரீமும் நனையாத ஒரு மழையில் தாம் மட்டும் நனைந்திருக்கிறார். அதை எப்படி மறப்பார், பாவம்.

அந்த வாஞ்சை அவருடைய போர்டிகோ வரையில்தான் செல்லுபடியாகிறது. மழை வந்து ஆலையில் வேலை நின்றுவிட்டால், பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அன்றைக்குச் சம்பாத்தியம் இல்லை. விடியுமுன் சோற்றுவாளியோடு ஏறிவந்த வேன் திரும்ப வருகிறவரை அந்தப் பெண்கள் ஒதுங்குவதற்கு வேறு இடமில்லாமல் இவருடைய போர்டிகோவில் வந்து நிற்கிறார்கள். அவர்களையும் விடாமல் நிறுத்திவைத்து, டீசண்டான மழை எப்படி இருக்கும் என்று இவர் விளக்குகிறார். இது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து பிரஸ்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி வர இவருக்குக் கார் வேண்டும். சைக்கிளில் மழையில் வருவதைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் இவரிடமே இருக்கிறது. திருத்தங்கலிலிருந்து உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மிதித்து வருகிற இவருடைய மிஷின்மேனின் பிரயாணத்தை ஒருவரும் கேட்டதில்லை, இவரையும் சேர்த்து.

சென்ற கார்த்திகையில் ஒருநாள் நான் ப்ரூஃப் பார்க்கப் போயிருந்தபோது அந்த மிஷின்மேன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். முதலாளி வழக்கம்போல் அவருக்கு ரைன் நதிக்கரையைத் திறந்துகாட்டினார். அங்கே எல்லோரும் மழையிலேயே சைக்கிளில் வேலைக்குப் போவதையும், ஒருவரும் அலுத்துக்கொள்ளாததையும், சைக்கிளுக்கென்றே தனிப்பாதை இருப்பதையும் மிஷின்மேன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்த ஊர் சைக்கிளுக்கு மட்கார்டு உண்டா மொதலாளி? எனக்குப் பின்னாடி மட்கார்டு ஒடஞ்சு ஆறு மாசமாச்சு. முதுகெல்லாம் சேறு."

இத்தனை காலமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டிராதபடியால் நம்மவர் வெகுநேரம் யோசித்தார். மழையின் சாய்வு நினைவிருந்தது, சீர் நினைவிருந்தது, மட்கார்டு நினைவில் வரவில்லை.

"கவனிக்கலையேப்பா" என்றார். "2028-ல மறுபடி போவேன்ல, பாத்துட்டு வந்து சொல்றேன்."